ராட்டினத்தில் ஏறுமுன் மகனிடம் ஒரு சொல்

பள்ளிகளின் கோடை விடுமுறை நெருங்கும்போது எங்கள் புறநோயாளர் பிரிவில் வழக்கமான கேள்விகளோடு மற்றொரு கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. சிங்கப்பூரிலோ துபாயிலோ கோலாலம்பூரிலோ பணிபுரியும் மகனோ மகளோ பயணச்சீட்டு எடுத்து அனுப்பியிருப்பார்கள். பாளையங்கோட்டையிலிருந்தும் அம்பாசமுத்திரத்திலிருந்தும் பெற்றோர் புறப்பட ஆயத்தமாவார்கள். "விமானத்தில் போகலாமா?" என்று எங்களிடம் கேட்பார்கள். அதற்கு விடை சொல்வது பெரும்பாலும் எளிது. போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் பேரப்பிள்ளைகள் கையைப் பிடித்து எங்கே அழைத்துச் செல்வார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. நாங்களாகக் கேட்டால்தான் தெரியவருகிறது. அநேகமாக அது ஒரு கேளிக்கைப் பூங்காவாகவே இருக்கும்.

போக வேண்டாம் என்று தடுப்பதற்காக இதை எழுதவில்லை. சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ இதய அடைப்போ உள்ளவர்கள் வீட்டிலேயே முடங்கிக் கிடக்க வேண்டும் என்பது பழைய எண்ணம். எங்களைக் கவலைகொள்ளச் செய்வது வேறொன்று. நம் பகுதிப் பெற்றோரிடம் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குத் தம் நோயை முழுமையாகச் சொல்ல மாட்டார்கள். "அவனுக்கு எதற்கு வீண் கவலை, சொல்ல வேண்டாம்" என்று அருகில் இருப்பவர்களுக்கும் கட்டளையிடுவார்கள். ஸ்டென்ட் வைத்ததை "சும்மா ஒரு பரிசோதனை" என்று சொல்லிவைத்தவர்களை நாங்கள் அறிவோம். அந்த மகன் ஆசையோடு விலையுயர்ந்த சீட்டு வாங்கி, "ஏறுங்கப்பா, ஒன்றும் ஆகாது" என்று அழைக்கும்போது, மறைத்ததை அங்கே சொல்லவும் முடியாமல், மறுக்கவும் மனமில்லாமல் தந்தை இருக்கையில் அமர்ந்துவிடுவார். ஆபத்து அந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஆனித் தேரோட்டத்தை ஒட்டி நம் நகரில் சுழலும் ராட்டினத்தை நினைத்துக்கொண்டு இவற்றை எடைபோடக் கூடாது. அபுதாபியின் யாஸ் தீவில் 2010ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஃபெராரி வேர்ல்டு பூங்காவில் 'ஃபார்முலா ரோசா' என்னும் ரோலர் கோஸ்டர் இருக்கிறது. ஏறத்தாழ ஐந்தே நொடிகளில் மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தை அது எட்டுகிறது. மணலும் காற்றும் கண்ணில் அடிக்கும் என்பதால் ஏறுவோருக்குக் கண்ணாடி கொடுக்கிறார்கள். இத்தகைய வண்டிகள் பள்ளத்தில் பாய்ந்து மேலே திரும்பும் கணத்தில் உடல் தன் எடையைப் போல் நான்கு மடங்கை உணரக்கூடும். அறுபது கிலோ எடையுள்ளவர் ஓரிரு நொடிகளுக்கு 240 கிலோவாக அழுத்தப்படுகிறார் என்று கொள்ளலாம். அப்போது இரத்தம் தலையிலிருந்து கால்களை நோக்கி இறங்கப் பார்க்கிறது. அதை மூளைக்கு அனுப்ப இதயம் விரைந்து உழைக்க வேண்டியிருக்கிறது. அச்சமும் சேர்ந்துகொள்ள, உடலில் அட்ரினலின் பெருகுகிறது. நலமாக உள்ளவர்களை ரோலர் கோஸ்டரில் ஏற்றிச் சோதித்த ஜெர்மன் மருத்துவர்கள், அவர்களுடைய நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 150ஐ ஒட்டி உயர்ந்ததைப் பதிவுசெய்திருக்கிறார்கள். இளைஞர் ஒருவருக்கு இது இனிய படபடப்பு. சுருங்கிய இரத்தக்குழாயோ சீரற்ற துடிப்போ உள்ளவருக்கு அது முன்னறிவிப்பின்றி நடத்தப்படும் டிரெட்மில் சோதனை. அருகில் மருத்துவர் இருக்க மாட்டார்.

ஆகவேதான் ஒவ்வொரு விளையாட்டின் வாயிலிலும் எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். இதய நோய், உயர் இரத்த அழுத்தம், கழுத்து அல்லது முதுகுக் கோளாறு, அண்மையில் செய்த அறுவைச் சிகிச்சை, கர்ப்பம், வலிப்பு ஆகியவை அதில் இருக்கும். அதைப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் சட்ட வாசகம் என்று பலர் கடந்துபோகிறார்கள். எங்கள் பார்வையில் அது மருந்துச்சீட்டுக்கு நிகரானது. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உட்கொள்வோருக்குத் தலை மோதினால் உள்ளே கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடுதல் என்பதையும், விழித்திரைக்குச் சிகிச்சை பெற்றோர் கண் மருத்துவரைக் கேட்காமல் ஏறக் கூடாது என்பதையும் நாங்கள் சேர்த்துக்கொள்வோம். பேஸ்மேக்கரோ இன்சுலின் பம்போ பொருத்தியிருப்பவர்கள் காந்த விசையால் இயங்கும் வண்டிகளைப் பற்றி முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். முப்பரிமாணக் காட்சி அரங்குகள் அசைவு குறைவாகத் தோன்றினாலும், வெட்டிவெட்டி மின்னும் ஒளி சிலருக்கு வலிப்பைத் தூண்டிவிடும்.

சற்றே வேடிக்கையான செய்தி ஒன்றும் உண்டு. சிறுநீரகக் கல்லால் அவதிப்படுவோர் நம் மாவட்டத்திலும் நிறைய உண்டு. அமெரிக்க ஆய்வாளர்கள் சிறுநீரகத்தின் உருவத்தைச் சிலிக்கானில் வார்த்து, உள்ளே உண்மையான கற்களை இட்டு, பையில் வைத்து ரோலர் கோஸ்டரில் ஏற்றிப் பார்த்தார்கள். முன்னிருக்கையைவிடப் பின்னிருக்கையில் கற்கள் கூடுதலாக வெளியேறின என்று 2016இல் அறிவித்தார்கள். சோதனை நடந்தது பொம்மைச் சிறுநீரகத்தில் என்பதை நினைவில் கொள்ளவும்; அதற்காகச் சீட்டு வாங்க வேண்டியதில்லை.

உடல்நலத்தைத் தேடிப் போன இடமே கேளிக்கைப் பூங்காவானதற்கும் வரலாறு உண்டு. இன்றும் இயங்குபவற்றில் உலகிலேயே மிகப் பழமையானது டென்மார்க்கில் கோபன்ஹேகனுக்கு அருகிலுள்ள பாக்கன் பூங்கா. அதன் தொடக்கம் 1583ஆம் ஆண்டு. அங்குள்ள காட்டில் ஓர் ஊற்று கண்டறியப்பட்டது. அதன் நீர் நோய் தீர்க்கும் என்று நம்பி மக்கள் திரண்டார்கள். கூட்டத்தைத் தேடி வித்தைக்காரர்களும் கடைக்காரர்களும் வந்தார்கள். சாரல் காலத்தில் குற்றால அருவிக்கரையில் நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குற்றாலத்துச் சிற்றாறும் கடைசியில் நம் தாமிரபரணியில்தான் கலக்கிறது.

சிங்கப்பூருக்குச் செல்வோரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறோம். எங்களிடம் வருவோரில் அதிகம் பேர் அங்கேதான் போகிறார்கள். செந்தோசாத் தீவிலுள்ள யுனிவர்சல் ஸ்டுடியோஸ் 2010இல் திறக்கப்பட்டது. பிள்ளைகள் முதலில் கேட்பது அதைத்தான். நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடு என்பதால் ஆண்டு முழுவதும் புழுக்கம் உண்டு. நம் ஊர் வெயிலுக்குப் பழகியவர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் இங்கே உச்சிவெயிலில் நாம் திண்ணைக்கோ மின்விசிறிக்கோ ஒதுங்கிவிடுகிறோம். அங்கே வரிசையில் நிற்கிறோம். இரத்த அழுத்தத்திற்காக நீர் பிரியும் மாத்திரை உட்கொள்வோருக்கு இதனால் தலைசுற்றல் வரக்கூடும். சந்திப்பு நிலையத்திலிருந்து நெல்லையப்பர் கோயில்வரை நடந்து திரும்புவதைவிட அதிக தூரத்தைக் கால்கள் ஒரே நாளில் கடந்துவிடும். சர்க்கரை நோயாளிகள் புதுச் செருப்பை அந்த நாளில் அணியவே கூடாது. இரவில் பாதங்களை விளக்கொளியில் பார்த்துக்கொள்வது கட்டாயம். பெரிய பூங்காக்களில் சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். அதில் அமர்வதைக் கௌரவக் குறைவாக எண்ணி மறுக்கும் பெரியவர்கள், மதியத்திற்குள் களைத்துப்போய் மற்றவர்களின் நாளையும் சுருக்கிவிடுகிறார்கள்.

அதே சிங்கப்பூரில், எந்த ராட்டினத்திலும் ஏறாமல் பார்த்து மகிழத்தக்க பூங்கா ஒன்றை நாங்கள் பரிந்துரைப்பதுண்டு. ஹா பார் வில்லா என்பது அதன் பெயர். தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் நம் வீடுகளில் புழங்கும் டைகர் பாம் தைலத்தை விற்றுப் பெருஞ்செல்வம் ஈட்டிய ஆவ் பூன் ஹா, தம் தம்பிக்காக 1937இல் அதை அமைத்தார். சீனப் புராணக் கதைகளைச் சொல்லும் வண்ணச் சிலைகள் குன்றுச்சரிவெங்கும் நிற்கின்றன. பாவம் செய்தோர் நரகத்தில் படும் துன்பங்களைக் காட்டும் பகுதிக்கு மட்டும் கட்டணம் உண்டு. பின்னாளில் அங்கே நவீன விளையாட்டுகளைப் புகுத்திப் பார்த்தார்கள்; அது நிலைக்கவில்லை. சிலைகள்தாம் நிலைத்தன. வாயிலருகிலேயே ரயில் நிலையம் உள்ளது. ஏற்றம் இருப்பதால் மூட்டுவலி உள்ளவர்கள் மெதுவாக ஏற வேண்டும். ஏறவே இயலாதவர்களுக்கு, கார்டன்ஸ் பை தி பேயின் குளிரூட்டப்பட்ட கண்ணாடித் தோட்டங்கள் பொருத்தமானவை.

வளைகுடா நாடுகளுக்குச் செல்வோர் கோடையில் திறந்தவெளிப் பூங்காக்களைத் தவிர்க்கலாம். நவம்பர் முதல் மார்ச் வரை உகந்த காலம். மலேசியாவின் கெந்திங் மலை ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் உள்ளது. கொடைக்கானலில் மூச்சுத் திணறியவர்களுக்கு அங்கும் எச்சரிக்கை தேவை.

மருந்துகளைப் பற்றிய செய்தி இதைவிட முக்கியமானது. வலிக்கான டிரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து, தூக்க மாத்திரைகள், நரம்பு வலிக்குத் தரப்படும் பிரிகாபலின் போன்றவை ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்டவை. அந்நாட்டு அரசின் முன் அனுமதி பெறாமல் கொண்டுசெல்வது சட்டச் சிக்கலில் தள்ளும். சிங்கப்பூரிலும் சில மருந்துகளுக்குச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதி வேண்டும். இன்சுலினைக் கைப்பையிலேயே வைக்கவும். விமானத்தின் சரக்கறையில் அது உறைந்து கெட்டுவிடலாம். சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி முந்தியது. துபாய் ஒன்றரை மணி பிந்தியது. மாத்திரைகளை அந்த ஊர் நேரத்திற்கு மாற்றிக்கொள்வது பெரும்பாலும் எளிது, இன்சுலினுக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது பிள்ளைகளே படிவத்தை நிரப்புகிறார்கள். அவர்களுக்கு நோய் தெரியாவிட்டால் படிவத்திலும் அது இராது; மறைக்கப்பட்ட நோய்க்கான செலவைக் காப்பீட்டு நிறுவனம் மறுக்கலாம்.

நோயுற்ற குழந்தையை அழைத்துச் செல்வோருக்கும் ஒரு சொல். அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரில் 2010இல் திறக்கப்பட்ட மார்கன்ஸ் வொண்டர்லேண்ட், மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் ஒன்றாக விளையாடும்படி வடிவமைக்கப்பட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கு நுழைவுக் கட்டணமே இல்லை. அதன் நீர்ப் பூங்காவில், தண்ணீருக்குள் செல்ல அழுத்தக் காற்றால் இயங்கும் சக்கர நாற்காலிகள் இருக்கின்றன. நம்மில் எத்தனை பேர் அங்கே போகப்போகிறோம்? ஆயினும் அப்படியோர் இடம் சாத்தியம் என்று அறிந்த பெற்றோர், வேறெங்கு சென்றாலும் "என் பிள்ளைக்கு என்ன வசதி இருக்கிறது?" என்று கூசாமல் கேட்பார்கள். பல பூங்காக்களில், பெற்றோரில் ஒருவர் விளையாடும்போது மற்றவர் குழந்தையோடு காத்திருந்து, பிறகு மீண்டும் வரிசையில் நிற்காமலேயே மாறிக்கொள்ள இடமுண்டு. எல்லோருடைய பைகளையும் காலணிகளையும் காத்துக்கொண்டு நாள் முழுவதும் அமர்ந்திருக்கும் அம்மாவோ ஆச்சியோ ஒரு முறையேனும் எழுந்து போகட்டும்.

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பாக உங்கள் மருத்துவரைச் சந்தியுங்கள். இயன்றால் வெளிநாட்டிலுள்ள மகனையோ மகளையோ அப்போதே கைபேசியில் அழைத்து, மருத்துவர் சொல்வதை நேரடியாகக் கேட்கச் செய்யுங்கள். பெற்றோரே சொல்லத் தயங்குவதை நாங்கள் சொல்லிவிடுகிறோம். அவர்கள் அனுமதித்தால் போதும். எந்த விளையாட்டில் ஏறலாம், எதில் கூடாது என்பதை அந்த உரையாடலிலேயே முடிவு செய்துவிட்டால், வாயிலில் நின்று வாதிட வேண்டியிராது. டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலையும், மருந்துகளின் வேதிப்பெயர்கள் அடங்கிய ஆங்கிலக் கடிதத்தையும் பெற்றுக்கொள்ளுங்கள். நம் ஊரில் பெயருக்கு முன் ஒற்றை எழுத்துதான் தலைப்பெழுத்து. பாஸ்போர்ட்டிலோ தந்தையின் பெயர் முழுமையாக இருக்கும். கடிதத்தில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்பதால், வரும்போது பாஸ்போர்ட்டையும் கையோடு கொண்டு வாருங்கள்.