தோல், எலும்பு, மோட்டார்: ரோபோவின் உடல் மனித உடலுக்கு எவ்வளவு அருகில்?

ரோபோவின் உடலில் பாகத்துக்கு ஒரு பொருள் இருக்கும். சட்டத்துக்கு அலுமினியம், பற்சக்கரத்துக்கு எஃகு, எடை குறைய வேண்டிய இடத்தில் கார்பன் இழை, மேலுறைக்கு சிலிக்கோன் ரப்பர். மனித உடலில் தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு ஆகிய நான்கையும் கட்டிப் பிடித்திருப்பது கொலாஜன் என்ற ஒரே புரத வகை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எனப் பரந்து கிடக்கும் தோல் தொழிலின் மூலப்பொருளும் இதுவே.

தோலும் மேலுறையும்

பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து முடியை நீக்கி, உட்பக்கத்துச் சதையையும் சீவி எடுத்தால் மிஞ்சுவது பெரும்பாலும் கொலாஜன். மூன்று புரத இழைகள் கயிறுபோல் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருப்பதுதான் அதன் மூலக்கூறு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-55ல் இந்த வடிவத்தை முன்வைத்தார்கள். ஆய்வுக்கான கங்காரு வால் தசைநாண், 1948ல் தொடங்கப்பட்ட சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடைத்தது.

பதனிடாத ஈரத்தோல் சுமார் 65 டிகிரி செல்சியஸிலேயே சுருங்கிவிடும். குரோமியம் உப்பு ஏற்றினால் இழைகளுக்கிடையே புதிய பிணைப்புகள் உண்டாகின்றன. பதம் சரியா என்று பார்க்க, பதனிடும் டிரம்மிலிருந்து எடுத்த, குரோமியத்தால் நீலம் ஏறிய தோலில் சிறு துண்டை வெட்டிக் கொதிநீரில் போடுவார்கள். துண்டு சுருளாமல் கிடந்தால் குரோமியம் நடுப்பகுதி வரை இறங்கியிருக்கிறது என்று பொருள். சுருண்டால் டிரம் இன்னும் ஓட வேண்டும்.

பதனிட்ட நல்ல தோல் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2 கிலோ இழுவிசையைத் தாங்கும். சிலிக்கோன் ரப்பர் பொதுவாக அதில் பாதிக்கும் கீழேதான். கிழிசலில் வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். ஷூவின் மேல்தோலில் ஊசி நெருக்கமாகத் துளையிட்டுத் தைத்துக்கொண்டே போகிறது. அந்தத் துளைகள் வழியே தோல் எளிதில் கிழிவதில்லை. இழைகள் எல்லாத் திசையிலும் பின்னிக் கிடப்பதால் கிழிசல் எளிதில் தொடர்ந்து ஓட முடியாது. சிலிக்கோனில் அப்படிப் பின்னல் இல்லாததால், ஓரத்தில் விழும் ஒரு சிறு வெட்டே நீண்டு கிழிந்துவிடும். அதனால் ரோபோ உறைகளுக்குள் துணியோ வலையோ வைத்து வார்க்கிறார்கள்.

எலும்பும் சட்டமும்

எலும்பின் அடர்த்தி தண்ணீரைப் போலச் சுமார் 1.9 மடங்கு. அலுமினியம் 2.7 மடங்கு, டைட்டானியம் கலப்பு உலோகம் 4.4, எஃகு 7.8. விறைப்பைக் காட்டும் யங் குணகம் எலும்புக்குச் சுமார் 18 ஜிகாபாஸ்கல், அலுமினியத்துக்கு 70, டைட்டானியத்துக்கு 110, எஃகுக்கு 200. எண்களில் எலும்பு கடைசியில்தான் நிற்கிறது. ஆனாலும் நீளவாக்கில் அமுக்கினால் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 17 கிலோ வரை அது தாங்கும்.

எலும்பு இரண்டு பொருள்களின் கூட்டு. கோழிக் கால் எலும்பைச் சில நாள் வினிகரில் ஊறவைத்தால் சுண்ணச்சத்து கரைந்து ரப்பர் போல வளையும், மிஞ்சியிருப்பது கொலாஜன். அதே எலும்பை அடுப்பில் எரித்தால் கொலாஜன் போய், வடிவம் மட்டும் நிற்கும். விரல் பட்டதும் பொடியும். சுண்ணச்சத்து விறைப்பைத் தருகிறது, கொலாஜன் உடையாமல் காக்கிறது.

ரோபோவின் கை சொன்ன இடத்தில் மில்லிமீட்டர் பிசகாமல் நிற்க, சட்டம் விறைப்பாக இருக்க வேண்டும். அந்த விறைப்பே, கீழே விழும்போது அதிர்ச்சியை நேராகப் பற்சக்கரத்துக்குக் கடத்துகிறது. மனித உடலில் செயற்கை மூட்டு பொருத்தும்போது சிக்கல் வேறு. விறைப்பு மிகுந்த உலோகம் சுமையெல்லாம் தானே தாங்கிக்கொள்ள, வேலையில்லாத எலும்பு மெலிகிறது. எஃகைவிட விறைப்பு குறைந்த டைட்டானியம் விரும்பப்படுவதற்கு இது ஒரு காரணம்.

தசைநாணும் கேபிளும்

ரோபோ விரல்களை மடக்க, உறுதிமிக்க பாலிஎத்திலீன் இழையையோ எஃகுக் கம்பியையோ கேபிளாக ஓட்டுகிறார்கள். வலிமையில் அந்த பாலிஎத்திலீன் இழை தசைநாணைப் போல 30 மடங்கு வரை இருக்கும். ஆனால் கப்பியில் ஓடி ஓடித் தேயும். நாளடைவில் நீண்டு தொய்வதால் மீண்டும் முறுக்கேற்ற வேண்டும்.

விரல்களின் இந்தக் கேபிள் அமைப்பை மனித உடலிலேயே மாற்றிக் கட்டிய இடம் வேலூர். கொல்லிமலையில் 1914ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் சேர்ந்தார். தொழுநோயால் நரம்பு செத்து மடங்கிப்போன விரல்களுக்கு, முன்கையில் இன்னும் இயங்கும் ஒரு தசையைத் தேர்ந்து, அதன் தசைநாணைத் திருப்பி, தேவைப்பட்டால் வேறிடத்திலிருந்து எடுத்த நாணால் நீட்டி, விரல்களில் தைத்தார். தைத்த இடம் சில வாரங்களில் ஒட்டிக்கொண்டது. ரோபோவின் கேபிளை எப்படிக் கட்டினாலும் அந்த முடிச்சு முடிச்சாகவே இருக்கும்.

மூட்டுக் குருத்தெலும்பின் எடையில் 70 முதல் 80 சதவீதம் தண்ணீர். அமுக்கும்போது கசிந்து வரும் அந்த நீரே மசகாக அமைவதால், உராய்வுக் குணகம் 0.01ஐ ஒட்டியோ அதற்கும் கீழோ நிற்கிறது. நல்ல பால் பேரிங் இதற்கு ஈடு கொடுக்கும். ஆனால் கிரீஸை வெளியிலிருந்து இட வேண்டும், தூசி புகாமலிருக்க மூடி வேண்டும்.

தசையும் மோட்டாரும்

ஒரு சதுர சென்டிமீட்டர் குறுக்குவெட்டுப் பரப்புள்ள தசை சுமார் 3 கிலோவை இழுக்கும். உணவின் ஆற்றலில் 20 முதல் 25 சதவீதத்தை மட்டுமே அது வேலையாக மாற்றுகிறது. நல்ல மின்மோட்டார் 80 சதவீதத்துக்கும் மேல் மாற்றும். இருந்தும் நடையில் கணக்கு தலைகீழாகிறது. எடையையும் தூரத்தையும் சமமாக வைத்துக் கணக்கிட்டால், ஹோண்டாவின் அசிமோ ரோபோவுக்கு மனிதனைவிட 10 மடங்குக்கும் அதிகமான ஆற்றல் தேவைப்பட்டதாக 2005ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. மனிதக் கால் ஊசலைப் போலத் தானே வீசி முன்னால் வருகிறது. குதிகால் நாண் ஒவ்வோர் அடியிலும் நீண்டு, வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பித் தருகிறது. மோட்டாரோ வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டப் பற்சக்கரத் தொகுதியை நம்பியிருக்கிறது. முழங்காலை மடக்கியபடி சும்மா நிற்கவே மின்சாரம் செலவாகிறது.

உணர்ச்சியும் உணரியும்

ஒரு கையின் உள்ளங்கையிலும் விரல்களிலும் தொடுகையை அறியும் நரம்பு முனைகள் சுமார் 17,000 உள்ளன. செய்தி கடத்தும் வேகத்தில் நரம்பு மின்கம்பியின் பக்கத்தில்கூட வராது. ரோபோவுக்குச் சிக்கல் வேகம் அல்ல. இத்தனை உணரிகளையும் அவற்றின் கம்பிகளையும் வளைந்து தேயும் ஒரு மெல்லிய உறைக்குள் உழைக்க வைப்பதுதான்.

இதையும் முயன்று பார்த்தவர் பிராண்ட். தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் காயப்பட்டே தேய்கின்றன என்பதை வேலூரில் அவர் கண்டறிந்தார். தூங்கும்போது எலி கடித்தும் விழிக்காதவர்கள் இருந்தார்கள். வீடு திரும்புவோருக்குப் பூனை கொடுத்தனுப்பினார்கள். 1966ல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்ற பின், அழுத்தம் அறியும் உணரிகள் பதித்த கையுறையையும் காலுறையையும் அவரது குழு உருவாக்கியது. ஆபத்தான அழுத்தம் வந்தால் முதலில் ஒலி, பிறகு விளக்கு, கடைசியில் அக்குளில் மின்னதிர்ச்சி. உணரிகள் வளைந்து வளைந்து உடைந்தன. வேலைக்குத் தேவையான அழுத்தத்தையும் காயப்படுத்தும் அழுத்தத்தையும் பிரித்தறிவது கடினமாக இருந்தது. அதிர்ச்சி தொல்லையானதும் நோயாளிகளே கருவியை அணைத்துவிட்டார்கள். திட்டம் கைவிடப்பட்டது.

பழுதும் ஆறுதலும்

மேல்தோல் சுமார் ஒரு மாதத்தில் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. முறிந்த எலும்பு பெரும்பாலும் 6 முதல் 12 வாரங்களில் கூடுகிறது. உலோகத்தில் விழுந்த விரிசல் ஒவ்வொரு சுமையிலும் கொஞ்சம் வளருமே தவிர ஆறாது. பிரஸ்ஸல்ஸ் ஆய்வாளர்கள் 2017ல் காட்டிய மென்ரோபோப் பொருள், வெட்டுப்பட்ட பிறகு சுமார் 80 டிகிரிக்குச் சூடாக்கினால் மீண்டும் ஒட்டியது. பச்சைத் தோல் சுருங்கிவிடும் சூடு அது. உயிருள்ள தோல் அதே வேலையை 37 டிகிரியிலேயே முடித்துவிடுகிறது.

ஆம்பூர் ஷூவில் இருக்கும் தோல் அழுகாது, கொதிநீருக்கு அஞ்சாது, ஆனால் கீறல் பட்டால் ஆறாது. இன்றைய ரோபோவின் உடலும் அந்த நிலையில்தான் இருக்கிறது. விறைப்பிலும் வலிமையிலும் வெப்பம் தாங்குவதிலும் மனித உடலைத் தாண்டிவிட்டது. கிழியாத மென்மை, சிக்கனமான நடை, வலியறிவு, காயம் ஆறுதல் ஆகிய நான்கிலும் பின்தங்கியிருக்கிறது.