80 வருட மௌனம்... 100 வயதில் வாய் திறந்த போர்வீரர்!

முதியோர் இல்லத்தில் ஓர் இரவு. எதிரே துணிகள் அடுக்கிவைக்கும் அறையில் யாரோ விளக்கைப் போடுகிறார்கள். பாதித் தூக்கத்தில் இருக்கும் தாத்தாவுக்கு அது விளக்காகத் தெரியவில்லை. குண்டு வெடிக்கும் வெளிச்சமாகத் தெரிகிறது. இத்தனைக்கும் அவர் போர்முனையிலிருந்து திரும்பி 80 வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டன!

அவர் பெயர் ஹாரி பேட்ச். முதல் உலகப் போரின் பதுங்கு குழிகளில் நின்று சண்டையிட்டவர்களில் கடைசியாக உயிரோடு இருந்தவர்.

பிளம்பர் டு போர்க்களம்!

1898-ல் இங்கிலாந்தின் சோமர்செட்டில் பிறந்த ஹாரி, பிளம்பர் வேலை பழகிக்கொண்டிருந்தார். 18 வயதில் கட்டாய ராணுவச் சேவைக்கு அழைப்பு வந்தது. ஆசைப்பட்டுப் போகவில்லை, போக வேண்டியதாயிற்று.

1917-ல் பெல்ஜியத்தின் பாஷன்டேல் போர்க்களத்துக்கு வந்து சேர்ந்தார். விடாத மழை. குண்டு விழுந்த பள்ளங்களில் எல்லாம் சேறு. அதில் விழுந்த மனிதர்களும் கோவேறு கழுதைகளும் மூழ்கியே செத்துப்போன இடம் அது.

ஹாரி இருந்தது, 'லூயிஸ்' இயந்திரத் துப்பாக்கியை இயக்கும் ஐந்து பேர் குழுவில். ஐவரும் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் வைத்திருந்தார்கள். முடிந்தவரை யாரையும் கொல்லக் கூடாது. காலைப் பார்த்துத்தான் சுட வேண்டும்.

ஒருநாள், துப்பாக்கிமுனைக் கத்தியுடன் ஒரு ஜெர்மன் வீரர் ஹாரியை நோக்கிப் பாய்ந்து வந்தார். யோசிக்கச் சில விநாடிகள்தான். தோளில் சுட்டார். அப்போதும் அவர் நிற்கவில்லை. அடுத்து காலில் சுட்டார். உயிரை எடுக்கவில்லை!

செப்டம்பர் 22

1917 செப்டம்பர் 22 இரவு. முன்வரிசையிலிருந்து குழு திரும்பிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே ஒரு குண்டு வெடித்தது. ஐவரில் மூவர் இறந்துபோனார்கள். புதைக்கக்கூட உடல் மிஞ்சவில்லை.

ஹாரியின் வயிற்றுப் பகுதியில் ஓர் இரும்புத் துண்டு பாய்ந்திருந்தது. மயக்க மருந்து இல்லை. நாலு பேர் பிடித்துக்கொள்ள, மருத்துவர் அதை வெளியே எடுத்தார்.

உயிர் பிழைத்து ஊர் திரும்பினார் ஹாரி. கல்யாணம், இரண்டு மகன்கள், மறுபடியும் பிளம்பர் வேலை. இரண்டாம் உலகப் போரின்போது தீயணைப்புப் படையில் சேர்ந்தார். ஆனால், 1917 பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. போர்ப் படங்களையும் பார்க்க மாட்டார். நாடே நவம்பர் 11-ல் போர்வீரர்களுக்கு அஞ்சலி செலுத்தும். ஹாரிக்கோ செப்டம்பர் 22-தான் நினைவு நாள்.

'அம்மா!'

1998-ல், 100 வயதில், பி.பி.சி. ஆவணப்படத்துக்காக முதன்முறையாகப் பேசினார். 2007-ல் அவருடைய நினைவுகள் புத்தகமாகவும் வந்தன.

அவர் நினைவில் நின்றது வெற்றியோ பதக்கமோ இல்லை. உடல் கிழிந்து கிடந்த ஓர் இளைஞர், தன்னைச் சுட்டுவிடும்படி கெஞ்சினார். ஹாரி துப்பாக்கியை எடுப்பதற்குள் உயிர் போய்விட்டது. அவரது கடைசி வார்த்தை, 'அம்மா'. அது வலியில் கத்தியது இல்லை, அம்மாவை நேரில் பார்த்துவிட்ட சந்தோஷத்தில் கூப்பிட்டதுபோல இருந்தது என்று ஹாரி பிற்பாடு சொன்னார்.

பிஸ்கட் டின்னும் சைடர் பாட்டிலும்

2004-ல் பெல்ஜியத்தில் இன்னொரு சந்திப்பு. எதிரணியில், ஜெர்மன் ராணுவத்தில் இருந்த ஷார்ல் குன்ட்ஸுக்கு வயது 107. ஹாரிக்கு 106. இருவரும் கைகுலுக்கினார்கள். குன்ட்ஸ் தன் ஊர் பிஸ்கட் டின் ஒன்றைக் கொடுக்க, ஹாரி பதிலுக்குத் தன் ஊர் ஆப்பிள் மதுவான சைடரைக் கொடுத்தார். ஒருகாலத்தில் ஒருவரையொருவர் சுடச் சொல்லி அனுப்பப்பட்ட இரண்டு பையன்கள்!

2009 ஜூலை 25-ல், 111 வயதில் ஹாரி மறைந்தார். அவர் விருப்பப்படியே இறுதி ஊர்வலத்தில் யார் கையிலும் ஆயுதம் இல்லை. பிரான்ஸ், பெல்ஜியம் வீரர்களோடு ஜெர்மன் வீரர்களும் சவப்பெட்டியுடன் நடந்து வந்தார்கள்.

போருக்குப் போய்வந்த தாத்தாவோ, மாமாவோ உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அந்த நாள்களைப் பற்றிக் கேட்டால், அவர் பேச்சை மாற்றலாம். விட்டுவிடுங்கள். ஆனால், அவராகப் பேச ஆரம்பிக்கும் நாளில், போனைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.