கப்பலேறி வந்த மோட்டார் சைக்கிளும் குழம்பிப்போன நவியும்



மோட்டார் சைக்கிளோடு சேர்ந்தே வருகின்ற வழிகாட்டிக் கருவியைப் பற்றி இம்மாதம் பேசலாம் என்று எண்ணினேன். யேர்மனியில் எல்லோரும் அதை ‘நவி’ என்றுதான் சொல்கிறார்கள், நாமும் அப்படியே சொல்லுவோம். 2006ஆம் ஆண்டு மாடல் ஹொண்டா கோல்ட் விங்கில் தொழிற்சாலையிலேயே நவி பொருத்திக் கொடுத்தார்கள். அதன் பிறகு வேறு பெரிய வண்டிகளிலும் வந்துவிட்டது. ஒரு நாட்டில் வாங்கிய வண்டியைக் கப்பலில் ஏற்றி இன்னொரு கண்டத்துக்குக் கொண்டுவந்தால் இந்த நவி குழம்பிப் போகும். எங்கே குழம்பியது என்று பார்க்காமல், நல்ல கருவியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதற்குப் பணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

என் மைத்துனர் கடந்த ஆண்டு ரொறொன்ரோவில் இருந்து குடும்பத்தோடு ஹம் நகருக்குக் குடிபெயர்ந்தார். காமாட்சி அம்பாள் ஆலயம் இருக்கின்ற அதே ஹம்தான். அவருடைய மோட்டார் சைக்கிளும் வீட்டுச் சாமான்களோடு கொள்கலனில் வந்து சேர்ந்தது. (இப்படிக் குடிபெயர்ந்து வருகிறவரின் வண்டிக்குச் சுங்கவரி இல்லை. ஆனால் வருமுன் ஆறு மாதமாவது அது உங்களிடம் இருந்திருக்க வேண்டும், வந்தபின் ஒரு வருடத்துக்குள் விற்கவும் கூடாது. வாகனப் பரிசோதனை, இலக்கத்தகடு எல்லாம் வேறு ஒரு மாதத்துக்கான கதை.) விடிய நாலரை மணிக்கு வேலைக்குப் புறப்படுகிற மனிதர். தெரியாத ஊர், எழுத்துக்கூட்டி வாசிக்க வேண்டிய தெருப்பெயர்கள். நவியோ வெறும் சாம்பல் நிறத் திரையில் ஓர் அம்புக்குறியை மட்டும் காட்டியது. ஒரு திருத்தகத்தில் முழுக் கருவியையும் மாற்ற வேண்டும் என்று சொல்லி, ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கும் விலை சொன்னார்கள். அதுவரைக்கும் கைத்தொலைபேசியைப் பெற்றோல் தாங்கியின் மேல் பையில் வைத்து, இருட்டில் குனிந்து குனிந்து பார்த்தபடி வேலைக்குப் போய்வந்தார். இரண்டு சில்லு வண்டியில் அப்படிக் குனிவது எவ்வளவு ஆபத்து என்று நான் சொல்லத் தேவையில்லை.

முதலில் ஒரு சின்னச் சோதனை. அநேகமான நவிகளில் செய்மதி நிலையைக் காட்டும் ஒரு பக்கம் இருக்கும். அதில் அகலாங்கும் நெட்டாங்கும் எண்களாகத் தெரியும். ரொறொன்ரோ என்றால் வடக்கு 43 பாகையும் சொச்சமும், மேற்கு 79 பாகையும் சொச்சமும். ஹம் என்றால் வடக்கு 51, கிழக்கு 7. கருவி இன்னும் மேற்கு 79 என்றே சொல்லிக்கொண்டிருந்தால் அது செய்மதியைப் பிடிக்கவில்லை. கிழக்கு 7 என்று சொல்லியும் திரை வெறுமையாக இருந்தால் செய்மதியில் குறையில்லை, வரைபடம்தான் இல்லை. இந்த இரண்டும் வெவ்வேறு நோய்கள், மருந்தும் வேறு.

செய்மதியைப் பிடிக்காத நோயை எடுப்போம். ஜி.பி.எஸ். செய்மதிகள் ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் நாளுக்கு இரண்டு தடவை பூமியைச் சுற்றுகின்றன. நாம் நிற்கும் இடத்தைக் கணிக்கக் குறைந்தது நான்கு செய்மதிகளின் சமிக்ஞை வேண்டும். எந்தச் செய்மதி எங்கே இருக்கும் என்ற ஓர் அட்டவணையையும் அவை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதற்கு அல்மனாக் என்று பெயர், அதாவது பஞ்சாங்கம். கருவியைப் போட்டதும் கடைசியாகத் தான் நின்ற இடத்தையும் நேரத்தையும் வைத்து, இப்போது தலைக்கு மேல் எவை நிற்கும் என்று அது கணக்குப் பார்க்கும். ரொறொன்ரோவில் அணைத்ததை ஹம்மில் போட்டால், ரொறொன்ரோ வானத்தில் நிற்கும் செய்மதிகளை ஹம் வானத்தில் தேடும். அங்கே கணித்த பஞ்சாங்கத்தை வைத்து இங்கே ராகுகாலம் பார்ப்பது போலத்தான். கப்பலில் ஏற்றும்போது பற்றரியைக் கழற்றிவிடுவார்கள், அதனால் சில கருவிகளில் நேரமும் பஞ்சாங்கமும் முழுதாகவே அழிந்துபோயிருக்கும்.

இதற்கு மருந்து பொறுமை. செய்மதி அனுப்பும் வேகம் வினாடிக்கு 50 பிட் மாத்திரமே, முழுப் பஞ்சாங்கமும் இறங்க பன்னிரண்டரை நிமிடம் எடுக்கும். நிலக்கீழ்த் தரிப்பிடத்திலோ உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவிலோ போட்டுப் பார்த்துவிட்டுக் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது. பற்றரியை நன்றாக ஏற்றிக்கொண்டு, வானம் திறந்த ஒரு வெளியில் வண்டியை நிறுத்தி, சாவியை மட்டும் திருப்பி அரை மணித்தியாலம் அசையாமல் விடுங்கள். எஞ்சினை ஓடவிட வேண்டாம். தேவையில்லாமல் எஞ்சினை ஓடவிடுவது இங்கே வீதிச் சட்டப்படி குற்றம், அயலவரும் சும்மா இருக்கமாட்டார்.

அப்படியும் பிடிக்காவிட்டால் திகதியைப் பாருங்கள். ஜி.பி.எஸ். வாரங்களை 1023 வரை எண்ணிவிட்டு மீண்டும் பூச்சியத்தில் தொடங்கும். கடைசியாக அப்படித் திரும்பியது 2019 ஏப்ரல் 6 நள்ளிரவில். மென்பொருள் புதுப்பிக்கப்படாத பழைய கருவி கிட்டத்தட்ட இருபது வருடம் பின்னால் நிற்கலாம். அதற்குத் தயாரிப்பாளர் தரும் புதிய மென்பொருளைத் தவிர வேறு வழி இல்லை.

மைத்துனரின் கருவி கிழக்கு 7 என்றது. ஆக, குறை வரைபடத்தில். கனடாவில் விற்ற வண்டியில் வட அமெரிக்க வரைபடம் மட்டும்தான் இருந்தது. ஐரோப்பிய வரைபடத்தை ஒரு மெமறி கார்ட்டில் வாங்கிப் போட்டதோடு வேலை முடிந்தது, செலவும் சொன்ன விலையில் சிறு பங்குதான். ஆனால் எல்லா வண்டிக்கும் இது சரிவராது. சில கருவிகள் பிற கண்டத்து வரைபடத்தை ஏற்காதபடி பூட்டப்பட்டிருக்கும். காசு கொடுக்கும் முன்பே வண்டியின் சேசி இலக்கத்தைக் கொடுத்து, இதற்குப் பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மலிவாக விற்கும் பிரதிக் கார்ட்டுகளை நான் நம்புவதில்லை.

வரைபடம் வந்த பிறகும் முகவரி கொடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. கனடாவில் வீட்டு இலக்கம் முதலில், தெரு பிறகு. இங்கே தெருவுக்குப் பின்னால்தான் இலக்கம். தபால் குறியீட்டின் ஐந்து இலக்கங்களையும் முதலில் அடிப்பது நல்லது. மைன் நதிக்கரையிலும் ஒரு ஃபிராங்ஃபேர்ட், போலந்து எல்லையில் ஓடர் நதிக்கரையிலும் ஒரு ஃபிராங்ஃபேர்ட். ரூர் நதியோரம் ஒரு மியூல்ஹைம், கேல்ன் நகருக்குள்ளே இன்னொன்று. ஊர்ப்பெயரை மட்டும் நம்பிக் கலியாணத்துக்குப் புறப்பட்டால் தாலி கட்டி முடிந்த பின்தான் போய்ச் சேருவீர்கள்.

இன்னொன்று, வேகக் கமரா இருக்கும் இடத்தை முன்கூட்டி எச்சரிக்கும் வசதி உங்கள் நவியில் இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். ஓடும்போது அதைப் பயன்படுத்தினால் 75 யூரோ தண்டமும் ஃபிளென்ஸ்பூர்க்கில் ஒரு புள்ளியும்.

வண்டியில் வானொலி இருந்தால் அதையும் ஒருமுறை பாருங்கள். வட அமெரிக்காவில் பண்பலை வானொலிகள் 88.1, 88.3 என்று ஒற்றைப்படைப் புள்ளிகளில் மட்டுமே ஒலிபரப்பாகின்றன. அங்கிருந்து வந்த வானொலி 100.4 போன்ற அலைவரிசையில் நிற்காமல் தாண்டிப் போகும். அமைப்புப் பட்டியலில் ‘ஐரோப்பா’ என்று தெரிவுசெய்ய முடிந்தால் சரியாகிவிடும். சில வண்டிகளில் அந்தத் தெரிவு இல்லை, அவர்கள் கைத்தொலைபேசியில் இணையம் வழியாகத்தான் வானொலி கேட்க வேண்டும்.