பாத நோவும் பரிகாரமும்

பாதத்தில் நோவென்று வைத்தியரிடம் வருவோருட் பெரும்பாலார்க்குக் காரணந் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. காலையிற் கட்டிலினின்றும் இறங்கி முதலடி வைக்கும்போது குதிக்காலிற் குத்துமாயின், அது உள்ளங்காலைத் தாங்கும் நார்ப்பட்டையின் அழற்சி. பெருவிரலின் அடிமூட்டு ஓரிரவிற் சிவந்து வீங்கித் துணி படவும் பொறாதாயின், அது பெரும்பாலும் யூரிக்கமிலம் படிவதால் வரும் வாதம். இவற்றை விரித்தெழுதி இம்மலரின் இடத்தை நிரப்ப நான் விரும்பவில்லை. தைலமும் மாத்திரையும் மாற்றி மாற்றிப் பார்த்தும் மாதக்கணக்காக அடங்காத வேறு சில நோவுகள் உள. அவற்றைக் குறித்தே பழைய மாணவ நண்பர்களோடு சிறிது பேச எண்ணினேன்.

பாதமொன்றில் 26 என்புகள் உள. அவற்றிடையே நரம்பும் நாடியும் நாரும் நெருங்கிச் செல்கின்றன. ஆதலால், நோகுமிடத்தை ஒரே விரலாற் தொட்டுக் காட்டும்படி நோயாளியைக் கேட்பதும், எப்பொழுது நோகிறது, எதனாற் தணிகிறது என வினாவுவதும் முதற் கடமைகளாம். படம் பிடித்தல் அதற்குப் பிந்தியது.

இதனை நான் கற்றது என் பிழையினாலேயே. தொழிலிற் புகுந்து இரண்டாண்டு நிரம்பாத காலத்தில், கடேற் பயிற்சி முகாமிலிருந்து ஒரு மாணவனை அழைத்து வந்தனர். புதுச் சப்பாத்தணிந்து பத்து நாள் அணிநடை பயின்றவன். புறங்காலின் நடுவே, இரண்டாம் விரலுக்கு நேராக, ஒரே புள்ளியில் நோகிறதென்றான். விழவுமில்லை, அடிபடவுமில்லை. எக்ஸ் கதிர்ப் படத்தில் யாதொரு குறையுந் தென்படவில்லை. பயிற்சிக்குக் கள்ளம் செய்கிறான் என்றார் உடன்வந்தவர். நானும் அதற்கு உடன்பட்டு அவனைத் திருப்பியனுப்பினேன். மூன்று வாரங்கழித்துத் தந்தையாரின் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டு வந்தான். இரண்டாம் முறை பிடித்த படத்தில் முறிவின் கோடும், அதனைச் சுற்றித் திரண்ட புதிய என்பும் தெளிவாகத் தெரிந்தன. "அன்று நான் பொய் சொல்லவில்லை, ஐயா" என்றான். அவர் இன்று எமது சங்கத்தின் அங்கத்தவர். இதனை எழுத அவரிடம் அனுமதி பெற்றுள்ளேன்.

படைவீரரின் இத்தகைய பாத வீக்கத்தைப் புருசிய இராணுவ வைத்தியர் பிரைட்ஹவுப்ட் 1855 இல் விவரித்தார். எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்டதோ 1895 இல். அதன் பின்னரே அவ்வீக்கத்தினுள் இருப்பது என்பு முறிவென்பது வெளியாயிற்று. ஓரடியில் முறிவதன்று இது. பல்லாயிரம் அடிகளின் சுமையாற் சிறுகச் சிறுக விரிவது. முதலிரண்டு மூன்று வாரங்களுக்கு எக்ஸ் கதிர்ப் படம் பெரும்பாலும் மௌனமாகவே இருக்கும். எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்தப் படம் சில நாட்களிலேயே காட்டிவிடும். அவ்வசதி கிட்டாதவிடத்து, முறிவென்றே கொண்டு ஓய்வு கொடுத்து, மூன்று வாரத்தின் பின் மீண்டும் படம் பிடித்தல் தக்கது. கடினமான அடியுள்ள சப்பாத்தும் ஏறக்குறைய ஆறு வார ஓய்வும் பலருக்குப் போதும். கதிர்காமப் பாதயாத்திரைக்குப் பழக்கமின்றித் திடீரெனப் புறப்படும் அன்பர்களும் இதனை மனத்திற் கொள்வாராக.

இரவில் நோகும் பாதம் தனிக்கவனத்துக்குரியது. இளைஞன் ஒருவன் இரவுதோறும் நோவினால் விழித்து, அஸ்பிரின் ஒன்றை விழுங்கியதும் அயர்ந்து தூங்குவானாயின், என்பினுள்ளே ஒரு சதமமீற்றரளவான சிறு கட்டி இருக்கக்கூடும். நியூயோர்க்கைச் சேர்ந்த யாவே என்பார் 1935 இல் இதனைத் தனிநோயாக வகுத்தார். இது புற்றுநோயன்று. சி.ரி. படத்தில் இடத்தை அறிந்து, ஊசி செலுத்தி வெப்பத்தாற் சுட்டழிப்பது இக்கால வழக்கம்.

இரவில் நோவெடுத்துக் காலைக் கட்டிலின் கீழே தொங்கவிட்டுக் கொண்டிருப்பவர் புகைபிடிப்பவராயின், நிலைமை முற்றிலும் வேறு. நாடிகள் அழன்று அடைபடும் இந்நோயை லியோ பேர்ஜர் 1908 இல் விரிவாக ஆராய்ந்தார். பெரும்பாலும் 45 வயதுக்குட்பட்ட ஆடவரையே பற்றுவது. தொடக்கத்தில் நடக்கும்போது மட்டும் உள்ளங்காலின் வளைவில் நோகும்; நின்றால் விடும். தட்டைப்பாதமென்று சப்பாத்துக்கு அட்டை வைத்து அனுப்பப்பட்டோர் உளர். புறங்காலில் விரல் வைத்து நாடித்துடிப்பைப் பார்ப்பதற்கு அரை நிமிடமே வேண்டும். புகையிலையை அறவே விடுவதே முதல் மருந்து. ஐந்து சுருட்டை இரண்டாக்குதல் பயன்தராது. விடாதவர் விரலையும் பின்னர் காலையும் இழப்பதுண்டு. புகையிலைச் செய்கையின் வருவாயாற் பிள்ளைகளைப் படிப்பித்த ஊரவர்க்கு இதனைச் சொல்வது சங்கடமே. ஆயினும் சொல்லாதிருத்தல் இயலாது.

மூன்றாம் நான்காம் விரல்களுக்கிடையே, சப்பாத்தினுட் கல் கிடப்பதுபோல் உறுத்தி, அதனைக் கழற்றிப் பிசைந்தவுடன் ஆறுவது நரம்புத் தடிப்பாகும். 1876 இல் அதனைப் பற்றி எழுதிய பிலடெல்பியா வைத்தியர் மோர்ட்டனின் பெயரால் வழங்குகிறது. அகன்ற முனையுள்ள சப்பாத்தே பலருக்கு மருந்து. ஈச்சமுட் குத்தி, எடுத்தாயிற்று என்று மறந்து, மாதங்கள் சென்றபின் அருகிலுள்ள மூட்டு வீங்குவதும் உண்டு. உள்ளே எஞ்சிய துணுக்கு எக்ஸ் கதிரிற் தெரியாது. ஒலியலைப் பரிசோதனை காட்டும். அதனைக் கீறியெடுக்கும் வரை மாத்திரைகளாற் குணங் காண்பதரிது.

இவை யாவற்றிலும் நான் அஞ்சுவது, நோகவேண்டிய அளவுக்கு நோகாத பாதத்தையே. நீண்டகால நீரிழிவினால் நரம்புணர்ச்சி குன்றியவருக்கு ஒரு பாதம் சிவந்து வீங்கிச் சூடாகும், நோவோ அற்பம். பிரெஞ்சு வைத்தியர் சார்க்கோ 1868 இல் வேறொரு நரம்பு நோயாளரிடத்துக் கண்ட இம்மூட்டழிவு, நீரிழிவாளரிடத்தும் உண்டென 1936 இல் அறியப்பட்டது. கிருமித் தொற்றென்று மருந்து கொடுத்து நடக்கவிட்டால், என்புகள் நொறுங்கி, பாதத்தின் வளைவு தோணியின் அடிபோலக் கீழ்நோக்கிப் புடைத்துவிடும். உடனே பிளாஸ்ரர் இட்டுப் பாதத்தின் சுமையை இறக்கி, மாதக்கணக்கிற் காத்தலே பரிகாரம். வீட்டிலுள்ளோர் புறங்கையால் இரு பாதங்களையும் தொட்டுப் பார்த்தாலே, ஒன்று மற்றதினுஞ் சூடாயிருப்பதை அறியலாம்.

திருவிழாக் காலத்தில் உச்சிவெயிலிற் சுடுமணல் வீதியை வெறுங்காலோடு வலம்வந்து, உள்ளங்கால் முழுதும் கொப்பளித்திருப்பதை மறுநாள் வேட்டியில் ஈரங் கண்ட பின்னரே உணர்ந்த முதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீரிழிவுள்ள அன்பர்களை விடியற்காலைப் பூசைக்குச் செல்லுமாறும், வீடு திரும்பியதும் கண்ணாடி ஒன்றைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.