ஸ்பென்சர் பிளாசா

ஸ்பென்சர் பிளாசா என்பது சென்னை அண்ணா சாலையில் அமைந்துள்ள வணிக வளாகம் ஆகும். 1990களில் நகரின் முதன்மையான கடைத்தொகுதியாக விளங்கிய இது, பின்னர் வந்த மால்களால் பின்தள்ளப்பட்டது.

பழைய கட்டடம்

சார்லஸ் டுரன்ட், ஜே. டபிள்யூ. ஸ்பென்சர் ஆகியோர் 1863-64 காலப்பகுதியில், அப்போது மவுண்ட் ரோடு எனப்பட்ட இச்சாலையில் ஒரு கடையைத் தொடங்கினர். பின்னர் இது யூஜின் ஓக்சாட்டின் உடைமையானது. 1895இல் டபிள்யூ. என். போக்சன் வடிவமைத்த இந்தோ-சரசனிக் பாணிக் கட்டடத்துக்குக் கடை மாறியது. கன்னிமாரா விடுதி, தொடர்வண்டி நிலைய உணவகங்கள், திண்டுக்கல் சுருட்டு எனப் பல தொழில்களிலும் நிறுவனம் ஈடுபட்டது. 1983இல் ஏற்பட்ட தீவிபத்தில் பழைய கட்டடம் அழிந்தது.

புதிய வளாகம்

அதே இடத்தில் எழுந்த புதிய வளாகத்தின் முதற்பகுதி 1991இல் திறக்கப்பட்டது. மேலும் இரு பகுதிகள் சேர்ந்தபின் மொத்தப் பரப்பு 10 இலட்சம் சதுர அடியைக் கடந்தது. குளிரூட்டிய நடைக்கூடங்களும் நகரும் படிக்கட்டுகளும் அன்று பலருக்குப் புதுமை; எதுவும் வாங்காமல் சுற்றிப் பார்க்கவே வந்தவர்களும் உண்டு. ஆயத்த ஆடை, புத்தகம், காசுமீரக் கைவினைப் பொருட்கள் முதலியன விற்கப்பட்டன. வெளித்தோற்றம் மேல்நாட்டு மாலாக இருப்பினும், சிறிய கடைகளில் பர்மா பசாரைப் போலவே பேரம் பேசி வாங்க முடிந்தது.

தேய்வு

சென்னை சிட்டி சென்டர் (2006), அருகிலேயே அமைந்த எக்ஸ்பிரஸ் அவென்யூ (2010), வேளச்சேரி பீனிக்ஸ் மார்க்கெட்சிட்டி (2013) ஆகியவை வந்தன; அவற்றில் திரையரங்குகளும் அமைந்தன. ஸ்பென்சர் பிளாசாவில் திரையரங்கு இல்லை. எனினும் போட்டியை மட்டும் காரணமாகக் கூறுவது பொருந்தாது. இங்கு கடைகள் தனித்தனியே பலருக்கு விற்கப்பட்டிருந்தன. எந்தத் தளத்தில் எந்த வகைக் கடை அமைய வேண்டும் என முடிவு செய்யவோ, பல கடைகளை இணைத்துப் பெரிய நிறுவனமொன்றுக்கு வாடகைக்கு விடவோ ஒருவரால் இயலாது. புதுப்பிக்கும் செலவுக்கும் பலரது இசைவு வேண்டும். அமெரிக்கப் புறநகர்களில் சாலையோரக் கடைவரிசைகள் நலிவுறும்போது, உரிமையாளர் ஒருவரே எனில் அவர் முழுவதையும் இடித்துக் கட்டலாம், அல்லது விற்றுவிடலாம். நூற்றுக்கணக்கான கடைகள் கொண்ட இவ்வளாகத்தில் அது எளிதன்று.

இதனால் கூடுதல் பாதிப்புக்கு உள்ளானவர்கள், சேமிப்பை முதலிட்டு ஒரு சிறு கடையை வாங்கியவர்களே. பக்கத்துக் கடைகள் மூடப்பட்டு நடைக்கூடத்தில் ஆள்நடமாட்டம் குறைந்தால், திறந்திருக்கும் கடையின் விற்பனையும் வாடகை மதிப்பும் சேர்ந்தே சரியும். பல கடைகள் பூட்டிக் கிடக்கின்றன; வளாகத்தின் ஒரு பகுதியில் அலுவலகங்கள் இயங்குகின்றன.