வேன் ஏன் இறக்கத்தில் நிற்கிறது?

மலையும் துருவும் – 9

பதுளையிலிருந்து பசறைக்கோ, பண்டாரவளையிலிருந்து அப்புத்தளைக்கோ போகிறவர்கள் விடிகாலையில் கவனித்தால் தெரியும். சில பழைய வேன்கள் வீட்டு வாசலில் நிற்காது. நாலு வீடு தள்ளி, ரோடு இறங்குகிற இடமாகப் பார்த்து, சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து நிற்கும். டிரைவர் வந்து கல்லை எடுப்பார். வண்டி உருளும். இரண்டாவது கியரைப் போட்டு கிளச்சை விட்டதும் இன்ஜின் உறுமிக் கிளம்பிவிடும். பெட்டரி செய்ய வேண்டிய வேலையை மலை செய்து முடித்திருக்கும்.

இந்த வித்தையில் ஒரு ஆபத்து உண்டு. இன்ஜின் ஓடாதவரை பிரேக்குக்குக் கிடைக்கிற உதவி விசை வராது. பவர் ஸ்டியரிங்கும் இறுகிவிடும். ஊவாவின் வளைவுகளில் இன்ஜின் பிடிக்காமல் வண்டி உருண்டால் என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

"லைட் நல்லாத்தான் எரியுது, ஹோனும் அடிக்குது. ஸ்டார்ட் மட்டும் ஆக மாட்டேங்குதே பாஸ்" என்று கராஜில் வந்து நிற்பவர்கள், பெட்டரி செத்துவிட்டது என்ற முடிவோடுதான் வருகிறார்கள். அனுபவமுள்ள பாஸ் முதலில் பார்ப்பது பெட்டரியை அல்ல, அதன் தலையில் இருக்கும் இரண்டு டெர்மினல்களை. அங்கே வெள்ளையும் நீலமுமாக உப்புப் பூத்துக் கிடந்தால் வழக்கின் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

லைட் எரிவதற்கும் ஸ்டார்ட் ஆகாததற்கும் கணக்கு இருக்கிறது. 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றுக்கு ஏறத்தாழ நாலரை அம்பியர் போதும். வேனின் ஸ்டார்ட்டர் மோட்டாரோ 200 அம்பியர் வரை இழுக்கக்கூடும். பூத்துப்போன டெர்மினல் வெறும் 0.01 ஓம் தடை கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பல்புக்கு அதனால் ஒரு வோல்ட்டில் இருபதில் ஒரு பங்குகூடக் குறையாது. ஸ்டார்ட்டருக்கு முழுசாக 2 வோல்ட் போய்விடும். 12.6 வோல்ட்டுடன் நிறைந்து நிற்கும் பெட்டரியும் அந்த இடத்தில் தோற்றுப்போகும். சாவியைத் திருப்பிய கையோடு கிளாம்பைத் தொட்டால் சுடுவதும் இதனால்தான்.

இந்த உப்பு எங்கிருந்து வருகிறது? பிரெஞ்சுக்காரரான காஸ்டன் பிளாண்டே 1859-இல் உருவாக்கிய ஈய–அமிலப் பெட்டரிதான் இன்றும் நம் வண்டிகளில் இருப்பது. உள்ளே ஈயத் தகடுகள், சல்பூரிக் அமிலம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜனும் ஒட்சிசனும் குமிழிகளாகக் கிளம்பும். ஒவ்வொரு குமிழியும் வெடிக்கையில் கண்ணுக்குத் தெரியாத அமிலத் துளியை மேலே எறியும். துன்ஹிந்த நீர்வீழ்ச்சியில் 64 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தண்ணீர், தொலைவில் நிற்பவரின் முகத்தையும் சாரலாய் நனைப்பதைப் பதுளைக்காரர்கள் அறிவார்கள். பெட்டரி மூடியின் துவாரங்களிலும் அப்படியொரு சாரல்தான் ஓசையில்லாமல் எழுகிறது. அது ஈயத்தில் பட்டால் வெள்ளை உப்பு, கேபிளின் செம்பில் பட்டால் நீல உப்பு.

அந்த நீலம் தோட்டத்து ஆட்களுக்குப் புதிதல்ல, அதுதான் மயில்துத்தம். 1946-இல் இலங்கைத் தேயிலையில் கொப்புள நோய் தொற்றியபோது, தளிரைக் காப்பாற்றத் தோட்டங்கள் நம்பியது செப்பு கலந்த மருந்துகளைத்தான். மலைக்கு அந்தச் செம்பு மருந்து. டெர்மினலில் பூக்கும் செம்போ கேபிளுக்கு வந்திருக்கும் நோய்.

ஊவாவில் இந்த நோய் முற்றுவதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம். முதலாவது, ரோடு. கல்லும் குழியுமான தோட்டப் பாதையில் பெட்டரியைப் பிடித்திருக்கும் இரும்புப்பட்டி தளர்ந்தால், அதிர்ச்சியில் டெர்மினலின் அடி விரிசல் விட்டு அமிலம் கசியும். இரண்டாவது, அளவு மீறி ஊற்றும் தண்ணீர். குறித்த கோட்டைத் தாண்டி நிரப்பினால் செங்குத்தான ஏற்றத்தில் வண்டி சாயும்போது அது அமிலத்தோடு வெளியே வழியும். அதிலும் பீலித் தண்ணீரைப் பிடித்து ஊற்றுவது இரட்டைத் தவறு; அதிலுள்ள தாது உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். வடிகட்டிய நீர் மட்டுமே ஆகும். மூன்றாவது, ஈரம். ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மழையிலும் பனியிலும் பெட்டரியின் தலையில் படிந்த தூசும் உப்பும் நனைந்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்லிய மின்பாதை போட்டுவிடும். வண்டி சும்மா நிற்கையிலேயே சார்ஜ் கசிந்துபோகும்.

சும்மா நிற்பதன் கேட்டை நாடே பார்த்த ஆண்டு 2022. எரிபொருள் வரிசைகளில் வண்டிகள் நாள்கணக்கில் நின்றன. எரிபொருளைப் பங்கிடக் கியூஆர் முறை வந்தபோது ஆட்டோவுக்கு முதலில் கிடைத்தது வாரத்துக்கு 5 லீற்றர். ஓடாத வண்டியின் பெட்டரி தானாகவே இறங்கும். அதற்கு முன்பே, 2020 மார்ச்சில், வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தது. தனியார் வாகனங்களுக்குக் கதவு திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளும் மலைநாடு பழைய வண்டிகளையே ஒட்டுப்போட்டு ஓட்டியது.

டெர்மினலில் பூக்கும் உப்புக்கு மருந்து அடுப்படியில் இருக்கிறது: அப்பச்சோடா. பித்தளைச் செம்பின் களிம்பைப் போக்கும் புளி இங்கே உதவாது, அதுவும் அமிலமே. கோலா ஊற்றுகிறவர்களும் உண்டு. அதுவும் அமிலம், போதாததற்குச் சர்க்கரைப் பிசுக்கு. அப்பச்சோடாதான் அமிலத்தை முறிக்கும்.

இன்ஜினை நிறுத்தி, மோதிரம், கைச்சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். பக்கத்தில் சிகரெட் கூடாது. காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பொறிக்கு வெடிக்கும். முதலில் கழற்ற வேண்டியது நெகட்டிவ் கேபிள். பொசிட்டிவை முதலில் தொட்டு, ஸ்பெனர் வண்டியின் உடம்பில் பட்டுவிட்டால் பொறி பறக்கும். பெட்டரியின் மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு, ஒரு கப் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடாவைக் கரைத்துப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்க்கலாம். நுரைத்துப் பொங்கும். பொங்குவது நின்றால் அமிலம் தீர்ந்தது என்று அர்த்தம். கரைசல் உள்ளே மட்டும் இறங்கக்கூடாது. இறங்கினால் வேலை செய்ய வேண்டிய அமிலமும் முறிந்துவிடும்.

பிறகு நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை எமரித் தாளால் தேய்க்க வேண்டும். பூட்டும்போது பொசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். கிளாம்ப் இறங்காவிட்டால் சுத்தியலால் தட்டக்கூடாது. வாயை விரித்து இறக்க வேண்டும். இறுக்கிய பிறகு மேலே வெசலினோ கிரீஸோ மெல்லிசாகப் பூசினால் அமிலச் சாரலும் ஈரமும் உலோகத்தைத் தொடாது. தேய்த்து உதிர்ந்த பொடியில் ஈயம் இருக்கிறது. அதைக் கீரைப் பாத்தியிலோ பிள்ளைகள் விளையாடும் வாசலிலோ கொட்டாமல், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது அவசியம்.

சில மாதங்களிலேயே மறுபடியும் பூத்தால் குற்றம் வேறிடத்தில் இருக்கலாம்: அளவுக்கு மீறி சார்ஜ் ஏற்றும் ஒல்டர்னேட்டர், அல்லது டெர்மினலின் அடியில் விரிசல். அதைக் கராஜில்தான் காட்ட வேண்டும்.

டெர்மினலைச் சுத்தம் செய்து, பெட்டரியை முழுதாக சார்ஜ் ஏற்றி, ஓர் இரவு சும்மா வைத்துவிட்டு மீட்டரில் பாருங்கள். 12.6-ஐ ஒட்டி நின்றால் பணத்தை உடனே கடையில் கொடுத்துவிட வேண்டாம். ஸ்டார்ட்டரையும் கேபிளையும் பார்க்கச் சொல்லுங்கள். 12-க்குக் கீழே இறங்கியிருந்தால் பெட்டரியின் ஆயுள் முடிந்தது. புதிதாக வாங்குவதற்கான காலை அதுதான்.

(தொடரும்)