கடைக் காசில் காடு வாங்கிய பாட்டி

'ரெண்டரை ஏக்கர்தான் இருக்கு. இதை வெச்சுக்கிட்டு என்னங்க செய்யறது?' நம் பத்திரிகைக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் தேக்கம்பட்டி பாப்பம்மாள் பாட்டி நினைவுக்கு வந்துவிடுகிறார்.

கோவை மாவட்டம், மேட்டுப்பாளையத்தை ஒட்டி, பவானி ஆற்றங்கரையில் இருக்கிறது தேக்கம்பட்டி. கோயில் யானைகளுக்கு நலவாழ்வு முகாம் நடந்த ஊர் என்றால் பலருக்கும் தெரியும். சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்த பாப்பம்மாளை இந்த ஊருக்குக் கூட்டி வந்து வளர்த்தது அவருடைய பாட்டிதான். அந்தப் பாட்டி சின்னதாக ஒரு கடை வைத்திருந்தார். அவருக்குப் பிறகு கடை பேத்தி கைக்கு வந்தது. மளிகையோடு சாப்பாட்டுக் கடையும் சேர்ந்துகொண்டது.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. பாப்பம்மாளுக்கு யாரும் நிலம் எழுதி வைக்கவில்லை. கடையில் மிச்சம் பிடித்த காசில்தான் சுமார் பத்து ஏக்கர் வாங்கினார். மக்காச்சோளம், கொள்ளு, பயறு வகைகள், காய்கறி என்று வெள்ளாமை வைத்தார். மழை ஏமாற்றினாலும் அடுப்பு அணையாமல் இருக்க ஒரு கடை பின்னால் இருந்தது. கடனுக்கு உரம் வாங்கி, அறுவடையன்றே விற்றுத் தீர்க்கும் நிலைமையில் இருக்கிற நமக்கு இதன் அருமை புரியும்.

வேளாண்மையைப் படித்துத் தெரிந்துகொள்வதிலும் அவருக்குத் தீராத ஆர்வம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் விவாதக் குழுக் கூட்டங்களுக்குப் போய்வருவார். ரசாயன உரம் மண்ணையும் உடம்பையும் கெடுக்கும் என்று இயற்கை விவசாயத்தைப் பிடித்துக்கொண்டார். உள்ளாட்சித் தேர்தலில் நின்று ஜெயித்தார். தி.மு.க.வில் வெகுகாலம் இருந்தவர். 2024-ல் அக்கட்சியின் பெரியார் விருதும் அவருக்குக் கிடைத்தது.

2021-ல் பத்மஸ்ரீ அறிவிப்பு வந்தபோது அவருக்கு வயது 105 என்று எழுதினார்கள். அதன் பிறகு தேடி வந்தவர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி, 'என்ன பாட்டி சாப்பிடறீங்க?' என்பதுதான். களி, கீரை, இலையில் சாப்பாடு, குடிக்க வெந்நீர், பிடித்தது மட்டன் பிரியாணி. கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால், பத்து ஏக்கர் ஏன் ரெண்டரை ஏக்கரானது என்று கேட்டவர்கள் குறைவு. வயதான காலத்தில் பார்க்க முடியாமல் பெரும்பகுதியை விற்றுவிட்டார். நூறு வயதைத் தாண்டியும் விடிந்ததும் போய் நின்றது மிச்சமிருந்த அந்த ரெண்டரை ஏக்கரில்தான். அதில் வாழை இருந்தது.

2024 செப்டம்பர் 27 அன்று பாப்பம்மாள் பாட்டி காலமானார்.

சரி, கேள்வி கேட்ட வாசகருக்கு வருவோம். தண்ணீர் இருந்தால் நீங்களும் வாழையே வைக்கலாம். கன்று நட்ட முதல் மூன்று மாதம் இடைவெளி வெயில் பட்டுச் சும்மா கிடக்கும். தட்டைப்பயறோ உளுந்தோ விதைத்துவிடுங்கள்; களையும் குறையும், வேர்முடிச்சுகளால் மண்ணுக்குத் தழைச்சத்தும் சேரும். பூசணி, வெள்ளரி போன்ற கொடிகளை மட்டும் உள்ளே விடாதீர்கள். அசுவினி வந்து நச்சுயிரி நோயை வாழைக்கு ஏற்றிவிடும். தார் வெட்டிய மரத்தை வரப்பில் வீசாமல் துண்டு போட்டு அங்கேயே மூடாக்காகப் போடுங்கள். வீட்டில் யாருக்காவது சின்னதாக ஒரு கடை வைக்கத் தோது இருந்தால் அதையும் யோசித்துப் பாருங்கள்.